பொறுத்துப் போவதற்கும் பிரிந்து போவதற்கும் நடுவே: கசந்த மணவாழ்க்கையில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு வழிகாட்டி

மணவாழ்க்கை கசந்துபோன ஒரு பெண் தன் நிலையை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லும்போது, தமிழ்நாட்டில் அவள் காதில் விழுபவை பெரும்பாலும் இரண்டே பதில்கள்தாம். ஒன்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா, ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாகிடும்" என்பது. மற்றது, நிலைமை கைமீறிய பிறகு யாரோ ஒரு பெரியவர் சொல்லும் "தீர்த்துக்கிட்டு வந்துடு" என்பது. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ படிகள் இருப்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. விவாகரத்து கேட்காமலேயே அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம், கை நீட்டக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம், மாதச் செலவுக்குப் பணம் பெறலாம், நகைகளை மீட்கலாம். இருப்பதா, போவதா என்று முடிவு செய்யாத பெண்ணும் இன்றே தொடங்கத்தக்க வேலைகள் இவை. அவற்றை எந்த ஒழுங்கில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதைத் துன்பம் என்று சட்டம் ஏற்கிறது

"அவர் அடிப்பதில்லையே, நான் எப்படிப் புகார் சொல்வது?" என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது உடல்வழித் துன்பத்தோடு பாலியல் துன்பம், சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் துன்பம், பொருளாதாரத் துன்பம் ஆகியவற்றையும் வன்முறை என்றே கொள்கிறது. பிள்ளை இல்லை என்றோ ஆண் குழந்தை பெறவில்லை என்றோ ஏளனம் செய்வதும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பதும், மனைவியின் நகையை அவள் சம்மதமின்றி விற்பதும் அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்குள் வருகின்றன. மனைவியின் விருப்பத்துக்கு மாறாகக் கணவன் உடலுறவு கொள்வதை, அவள் 18 வயதைக் கடந்தவளாயின், நம் குற்றவியல் சட்டம் இன்னமும் பாலியல் வன்புணர்வு என்று கொள்ளவில்லை. இது நம் சட்டத்தின் மேல் படிந்திருக்கும் பழைய ஆணாதிக்கக் கறை என்பதே என் கருத்து. ஆயினும் அதே செயலைக் காரணம் காட்டிக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு கேட்கத் தடையில்லை.

அன்பில்லை, பேச்சில்லை, ஒரே கூரையின் கீழ் இருவரும் அந்நியர்களாக வாழ்கிறோம் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், சட்டம் தரும் வழி குறுகியது. மீளமுடியாதபடி முறிந்துபோன திருமணம் என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமாக இன்னும் சேர்க்கப்படவில்லை. அந்த அடிப்படையில் மணமுறிவு வழங்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பதை 2023ஆம் ஆண்டின் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு தெளிவாக்கியது. அத்தகைய நிலையில் இருப்பவருக்கு, கணவரும் ஒப்புக்கொண்டால் மனமொத்த விவாகரத்தே நடைமுறை வழி.

உயிருக்கு ஆபத்து இருந்தால்

கழுத்தைப் பிடித்து நெரித்தல், மண்ணெண்ணெய் அல்லது அரிவாளைக் காட்டி மிரட்டுதல், "நீ போனால் பிள்ளைகளைக் கொன்றுவிடுவேன்" என்று சொல்லுதல், கர்ப்ப காலத்தில் அடித்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நடந்திருந்தால், கீழே எழுதியிருக்கும் ஆயத்தங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம். 181 எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்க இடமும், மருத்துவ உதவியும், சட்ட ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். மனம் உடைந்து, சாவதே மேல் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பிரிந்து செல்லப்போவதாகக் கோபத்தில் முன்கூட்டியே அறிவிப்பது ஆபத்தானது. கட்டுப்படுத்தியே பழகிய ஆள் தன் பிடி நழுவுகிறது என்று உணரும் வேளையில்தான் வன்முறை உச்சத்தை எட்டுகிறது. அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில், போய்ச் சேரும் இடத்தை முன்பே முடிவு செய்துகொண்டு கிளம்புவதே பாதுகாப்பானது. கைப்பேசி உங்களைக் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறந்து, அறிமுகமில்லாத கணினி எதுவும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவருக்குத் தெரியுமா, இருப்பிடப் பகிர்வு இயங்குகிறதா என்பதையும் சரிபாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் சந்தேகம் எழும். ஆகவே முக்கியமான அழைப்புகளை நம்பிக்கைக்குரிய தோழியின் கைப்பேசியிலிருந்து செய்வது நல்லது.

காகிதங்களும் நகையும்

முடிவெடுக்காத காலத்திலேயே செய்து முடிக்க வேண்டிய முதல் வேலை இதுதான். நீதிமன்றத்தில் கண்ணீருக்கு இல்லாத மதிப்பு ஒரு துண்டுக் காகிதத்துக்கு உண்டு. ஆதார், குடும்ப அட்டையின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கடவுச்சீட்டு, திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றைப் படமெடுத்து, உங்களுக்கு மட்டுமே தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். அசல்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்றால், அழைப்பிதழும் மண்டப ரசீதும் தாலி கட்டும் படமும் திருமணம் நடந்ததற்குச் சான்றாக உதவும். சுயமரியாதைத் திருமணமும் சட்டப்படி செல்லும். 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்கு ஏற்பளிக்கிறது.

நகை விஷயத்தில் நம் குடும்பங்களில் பெரிய மயக்கம் நிலவுகிறது. பிறந்த வீட்டில் போட்ட நகையும், திருமணத்தின்போதும் அதன் பின்னும் உங்களுக்கென்று தரப்பட்ட பொருள்களும் உங்களுடைய சீதனம். கணவரின் பொறுப்பில் அவை இருந்தாலும் அவர் வெறும் காப்பாளரே. திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. ஆனால் எத்தனை பவுன் போட்டார்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நகைக்கடை ரசீது, சீர்வரிசைப் பட்டியல், மொய் நோட்டு, கழுத்திலும் கையிலும் நகை தெளிவாகத் தெரியும் திருமணக் காணொளி ஆகியவற்றை உங்கள் பெற்றோர் வீட்டில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நகை அடகில் இருந்தால் அடகுச் சீட்டையும், அது யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியும்படி, படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கணவரின் வருமானத்துக்கான சான்று பின்னர் ஜீவனாம்ச வழக்கில் பெரிதும் கைகொடுக்கும். சம்பளச் சீட்டு, ஆயுள் காப்பீட்டு ரசீது, சீட்டுக் கட்டும் கணக்கு, வண்டியின் பதிவு எண், நிலத்தின் புல எண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். புல எண் தெரிந்தால் வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று மருத்துவரிடம் சொல்லாதீர்கள். யார், எதனால் அடித்தார் என்று நீங்கள் சொல்வது விபத்துப் பதிவேட்டில் ஏறும், அந்த ஏ.ஆர். நகல் பின்னாளில் பத்துச் சாட்சிகளுக்குச் சமமாக நிற்கும். மிரட்டும் குரல் பதிவுகளையும் செய்திகளையும் அழிக்காமல், அவை பதிவான அதே கருவியில் வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்கென ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், திரைப்பிடிப்பு மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். தேதியிட்ட ஒரு சிறு குறிப்பேடும் எழுதுங்கள். பொங்கலுக்கு முந்தின நாள், தீபாவளி அன்று என்று நினைவில் நிற்கும்படி எழுதினாலும் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ படிக்காமல் கையெழுத்து இடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கப்படும் "விடுதலைப் பத்திரம்", தொன்றுதொட்ட வழக்காறு என்று நிரூபிக்க முடிந்த அரிதான நேரம் தவிர, இந்துக்களுக்கு விவாகரத்து ஆகாது. அதில் "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்" என்று ஒரு வரி இருந்துவிட்டால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பவும் கூடும். மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை கிடையாது என்று ஜீவனாம்சப் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதும் இல்லை.

பிறந்த வீட்டிடம் கேட்பது எப்படி

பெற்றோர் மறுப்பதற்கு எப்போதும் கல்மனம் காரணமல்ல. தங்கையின் திருமணம், அண்ணியின் முகச்சுளிப்பு, திருமணத்துக்கு வாங்கிய கடன், "வாழாவெட்டி" என்ற ஊர்ப் பேச்சு என்று அவர்களுக்கும் அச்சங்கள் உண்டு. ஆகவே "நான் வந்துவிடட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பொறுத்துக்கோ" என்ற பதில்தான் வரும். "அப்பா, மூணு மாசத்துக்கு எனக்கும் பிள்ளைக்கும் இருக்க இடம் மட்டும் குடுங்க, அதுக்குள்ள வேலை பார்த்துக்கிறேன்" என்று அளவோடு கேட்டால் மறுப்பது கடினம். முதலில் யாரிடம் சொல்வது என்பதையும் யோசியுங்கள். பல குடும்பங்களில் அப்பாவிடம் பேசத் தாய்மாமனோ சித்தியோ துணை நின்றால் காரியம் எளிதாகும். ஒருவரும் துணைக்கு வரவில்லை என்றாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிகளான தோழி விடுதிகள் பல நகரங்களில் இயங்குகின்றன. ஆதரவற்ற பெண்களுக்கான தங்குமிடங்களைப் பற்றி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

குழந்தைகளை விட்டுவிட்டுப் போய், "நிலைமை சரியானதும் அழைத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது அறிவுடைமையல்ல. குழந்தை எங்கே பழகிவிட்டதோ அங்கேயே இருக்கட்டும் என்று நீதிமன்றங்கள் நினைக்க இடமுண்டு. ஐந்து வயது நிறையாத குழந்தை வழக்கமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளையோர் மற்றும் காப்பாளர் சட்டம் கூறுகிறது. அதற்கு மேற்பட்ட வயதிலும் குழந்தையின் நலனே அளவுகோல்.

எங்கே போய், எதைக் கேட்பது

முதலில் மகளிர் காவல் நிலையம் என்று எல்லோரும் சொல்வார்கள். 1992ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. அங்கே பெரும்பாலும் இரு தரப்பையும் அழைத்துப் பேசி அனுப்புகிறார்கள். கணவன் மனைவி தகராறில் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்த உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு இடமளிக்கிறது. 2014ஆம் ஆண்டின் தீர்ப்பு உடனடிக் கைதுக்கும் கட்டுப்பாடு விதித்தது. எனவே புகார் கொடுத்த அன்றே கணவரைக் கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வரதட்சணைக் கொடுமைக்கும் பிற கொடுமைக்கும் உரிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு, அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 2024 ஜூலை 1 முதல் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. தாய்வீட்டில் அடைக்கலம் புகுந்த பெண் அந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்துவிட்டது. புகாரில் நடந்ததை மட்டும், நடந்த வரிசையில் எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் நாத்தனார், ஓரகத்தி என்று எல்லோர் பெயரையும் சேர்க்கச் சிலர் யோசனை சொல்வார்கள். பொத்தாம்பொதுவான அத்தகைய புகார்களை நீதிமன்றங்கள் ரத்து செய்கின்றன, உண்மையான பகுதியும் அதோடு நம்பகத்தை இழக்கிறது.

தண்டனையைவிட நிவாரணம்தான் உங்களுக்கு முதல் தேவை என்றால், காவல் நிலையத்தைவிட மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரே பயனுள்ளவர் என்பேன். நடந்தவற்றை அவர் உரிய படிவத்தில் அறிக்கையாக எழுதி, நீதித்துறை நடுவருக்கு அனுப்ப உதவுவார். வழக்கறிஞர் இல்லாமலும் இதைச் செய்யலாம். வழக்கறிஞர் வேண்டுமென்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணும் கேட்கலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

நடுவரிடம் கேட்கத்தக்கவை பல. அடிக்கவோ மிரட்டவோ, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொல்லை தரவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு உத்தரவு, அல்லது அதற்கு ஈடாக வேறு வீடோ வாடகைப் பணமோ, மாதச் செலவு, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு. "இது என் பேர்ல இருக்கிற வீடு, வெளியே போ" என்று மாமனாரோ மாமியாரோ சொன்னாலும், கணவரோடு நிலையாகக் குடியிருந்த வீடு என்றால் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. அது குடியிருக்கும் உரிமை மட்டுமே, சொத்தில் பங்கு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அவசரமானால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட வெகு நாட்கள் ஆகும்; எனவே முதல் நாளிலேயே இடைக்கால உத்தரவை வலியுறுத்திக் கேளுங்கள். வன்முறை நடந்து ஓராண்டு கடந்துவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: மனு செய்வதற்கு அத்தகைய காலவரம்பு இல்லை என்று 2022 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஜீவனாம்சத்தைத் தனியாகவும் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. இது எல்லா மதத்தினருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் பொருந்தும் என்பதை 2024 ஜூலைத் தீர்ப்பு உறுதிசெய்தது. இருவரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் வகுக்கப்பட்ட நெறிமுறை கூறுகிறது. முன்பு எடுத்துவைத்த சம்பளச் சீட்டும் புல எண்ணும் இங்கேதான் பேசும். நீங்கள் வேலைக்குப் போவது மட்டுமே தொகையை மறுக்கக் காரணம் ஆகாது. உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். அடுத்த மாதம் தருவார் என்று காத்திருந்து பழைய பாக்கியை இழந்த பெண்கள் ஏராளம்.

நோட்டீஸ் வந்தால்

நீங்கள் வீட்டை விட்டு வந்ததும், சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரியோ விவாகரத்துக் கேட்டோ கணவர் தரப்பு வழக்குப் போடக்கூடும். நீதிமன்ற அழைப்பாணையை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பதும் உங்களுக்கே கேடு. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும், பிறகு அதை நீக்க வேறொரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். கொடுமை தாங்காமல் வெளியேறுவது கணவரைக் கைவிட்டதாக ஆகாது. சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவே வந்திருந்தாலும், திரும்பிப் போகாததற்கு நியாயமான காரணம் இருந்தால் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்கு தொலைவான ஊரில் போடப்பட்டிருந்தால் உங்கள் ஊருக்கு மாற்றக் கோரும் மனுவைப் போடலாம்.

விவாகரத்துதான் முடிவு என்றால்

இந்து திருமணச் சட்டப்படி திருமணமாகி ஓராண்டு முடியும் முன், விதிவிலக்கான துன்பம் இருந்தாலன்றி, மனுப் போட முடியாது. மனமொத்த விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, அதைத் தக்க நேரத்தில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ஆம் ஆண்டின் தீர்ப்பு அனுமதித்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் சட்டமும், முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் திருமணக் கலைப்புச் சட்டமும் உண்டு. மனைவியே கேட்டுப் பெறும் மணவிலக்கான குலா முறையில் விலக விரும்பும் முஸ்லிம் பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும். தனியார் ஷரியத் மன்றங்கள் தரும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

சமரசமாக ஒரு தொகை பேசி முடிக்கும்போது, பணத்தை வரைவோலையாக நீதிமன்றத்தில் வைத்தே பெறுங்கள். நகையும் பணமும் கைக்கு வரும் முன் மற்ற வழக்குகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொள்ளாதீர்கள். பேசி முடித்த எல்லாமே, குழந்தையின் படிப்புச் செலவு உட்பட, ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்றாவது வாங்கிவைத்து, குடும்ப அட்டையைப் பிரித்துப் புதிதாக விண்ணப்பித்தல், வங்கிக் கணக்கிலும் வருங்கால வைப்பு நிதியிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயரை மாற்றுதல், கூட்டுக் கடன்களில் ஜாமீன்தாரராக உங்கள் பெயர் இருந்தால் அதை வங்கியோடு எழுத்தில் தீர்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றை அந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.